எம்ஐடியா, அப்பாச்சியா, ஜிபிஎல்லா? நிரலை வெளியிடுமுன் எடுக்க வேண்டிய முடிவு

நான் எழுதிய ஒரு சிறு லைப்ரரியின் (மற்ற நிரல்கள் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) உரிமத்தை, அதாவது அதை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் வாசகத்தை, மாற்ற எனக்கு ஏழு மாதம் ஆனது. அந்த லைப்ரரியை எழுதி முடிக்கவே மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்புகள் சிலவற்றைத் திறந்தால் எழுத்துகள் கேள்விக்குறியும் கட்டமுமாகச் சிதறிக் கிடக்கும். அந்தக் கோப்பு எந்தக் குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் முறை) சேமிக்கப்பட்டது என்று கண்டுபிடித்துச் சரிசெய்து தரும் லைப்ரரி அது. வெளியிடும் அவசரத்தில், பக்கத்தில் திறந்திருந்த வேறொரு திட்டத்திலிருந்து உரிமக் கோப்பை அப்படியே நகலெடுத்துப் போட்டுவிட்டேன். அது ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு. அந்த நிரலைச் சேர்த்து வெளியே கொடுப்பவர் தன் நிரலையும் அதே நிபந்தனையில் திறந்து தர வேண்டும் என்பது அது. முழுக்கப் படிக்கக்கூட இல்லை. இரண்டு வருடம் கழித்து, எம்ஐடி என்ற தாராளமான உரிமத்தில் ஒரு தரவுக் கருவியை நடத்துபவர்களிடமிருந்து கடிதம் வந்தது. உங்கள் லைப்ரரியைச் சேர்த்துக்கொள்ள ஆசைப்படுகிறோம், ஆனால் சேர்த்தால் மொத்தக் கருவியையும் ஜிபிஎல் நிபந்தனைப்படி விநியோகிக்க வேண்டிவரும், எங்கள் பயனாளர்களுக்கு அது ஒத்துவராது என்றார்கள். சரி, உரிமத்தை மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தால், அதற்குள் ஒன்பது பேருடைய வரிகள் உள்ளே வந்திருந்தன. எட்டுப் பேர் சம்மதம் சொல்லிவிட்டார்கள். ஒருவருக்கு அனுப்பிய மின்னஞ்சல் மட்டும் திரும்பி வந்தது. அவர் எழுதியிருந்தது 43 வரி.

அந்த 43 வரிகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நான் வழக்கறிஞன் இல்லை, நிரல் எழுதுபவன். பெரிய தொகையோ நிறுவனத்தின் எதிர்காலமோ இதில் தொங்கிக்கொண்டிருந்தால் வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். ஆனால் தனியாகவோ நாலைந்து பேர் சேர்ந்தோ எழுதி வெளியிடுபவர்கள், உரிமம் ஒன்றைப் போடுமுன் அரை மணி நேரம் யோசித்தால் போதும், என்னைப் போல ஏழு மாதம் அலைய வேண்டியிருக்காது.

முதலில் ஒரு சொல் விவகாரம். தமிழில் காப்புரிமை என்ற சொல்லைக் காப்பிரைட்டுக்கும் பேட்டன்ட்டுக்கும் மாற்றி மாற்றிப் புழங்குகிறோம். உரிமம் தேர்வு செய்யும் இடத்தில் இந்தக் குழப்பம் காலைவாரிவிடும், ஏனென்றால் சில உரிமங்கள் ஒன்றைத் தெளிவாகத் தந்துவிட்டு மற்றதைப் பற்றி வாயே திறப்பதில்லை. நான் இங்கே காப்பிரைட்டைப் பதிப்புரிமை என்றும் பேட்டன்ட்டைக் காப்புரிமை என்றும் எழுதுகிறேன். பதிப்புரிமை நீங்கள் எழுதிய வரிகளுக்கு உரியது. பெர்ன் என்ற சர்வதேசப் பதிப்புரிமை உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் எழுதிய கணத்திலேயே அது தானாக வந்துவிடும், எங்கும் பதிய வேண்டியதில்லை. காப்புரிமை ஒரு கண்டுபிடிப்புக்கு உரியது, விண்ணப்பித்துத்தான் வாங்க முடியும். வாங்கியவருடைய நிரலை நீங்கள் கண்ணால்கூடப் பார்க்காமல் அதே வழிமுறையைச் சொந்தமாக எழுதியிருந்தாலும் அவர் உங்களைத் தடுக்கலாம்.

பதிப்புரிமை தானாக வருகிறது என்பதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்துதானே இருக்கிறது, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று உரிமக் கோப்பே போடாமல் விடுபவர்கள் நிறைய. சட்டம் சொல்வது அதற்கு நேர் எதிர். உரிமம் இல்லையென்றால் அனுமதியும் இல்லை. கிட்ஹப்பின் விதிமுறைப்படி மற்றவர்கள் அந்தத் தளத்துக்குள் பார்க்கலாம், ஃபோர்க் செய்யலாம் (தன் கணக்கில் நகல் எடுக்கலாம்), அவ்வளவுதான். சட்டத்தை மதிக்கிறவர்கள் ஒதுங்கிப் போய்விடுவார்கள், மதிக்காதவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் உதவ நினைத்தவர்களுக்கு மட்டும் கதவு சாத்தியிருக்கும். இதை ஒரு தேர்வாகவே எண்ண வேண்டாம்.

எதிர்முனையில் இருப்பது பப்ளிக் டொமைன், அதாவது எந்த உரிமையும் வேண்டாம் என்று பொதுச்சொத்தாக விட்டுவிடுவது. எஸ்கியூலைட் தரவுத்தளம் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் அதன் குழுவினர், எழுத்தில் ஆதாரம் கேட்கும் நிறுவனங்களுக்கு உரிமைப் பத்திரம் ஒன்றை விலைக்குக் கொடுக்கிறார்கள். ஜெர்மனி போன்ற நாடுகளில் ஆசிரியர் தன் பதிப்புரிமையை முற்றாகத் துறக்கச் சட்டம் இடம் தராததால் இந்த ஐயம் எழுகிறது. உரிமைகளைத் துறப்பதற்கென்றே எழுதிய சிசி0 என்ற வாசகம் இதற்கு ஒரு வழி சொன்னாலும், காப்புரிமையைத் தரவில்லை என்று அதிலேயே எழுதியிருப்பதால், லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை வெளியிடும் ஃபெடோரா திட்டம் 2022-இல் நிரல்களுக்கு அதை ஏற்பதை நிறுத்தியது. தாராளமாகக் கொடுக்க நினைப்பவருக்கு எம்ஐடி உரிமமே போதும்.

மனம் எதற்கு வலிக்கும்?

மற்ற தேர்வுகளெல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன. உங்கள் நிரலை ஒருவர் எடுத்து, மேம்படுத்தி, மூடிய பெட்டியில் போட்டு விற்கிறார். மேம்படுத்திய வரிகளை யாருக்கும் காட்டவில்லை. இதைக் கேட்டதும் உங்களுக்கு மனம் வலிக்குமா, அல்லது நம்ம நிரல் எங்கெங்கோ ஓடுகிறதே என்று சந்தோஷமாக இருக்குமா? இரண்டுமே நேர்மையான பதில்கள்தான். பதிலைத் தெரிந்துகொள்ளாமல் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல்.

சந்தோஷமாக இருக்கும் என்பவருக்கு எம்ஐடியும், அதைப் போன்றே தாராளமான பிஎஸ்டி உரிமமும். எம்ஐடி உரிமம் 200 சொற்களுக்குள் முடிந்துவிடும். பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் நகல்களில் விட்டுவைக்க வேண்டும், நிரலால் கேடு வந்தால் எழுதியவர் பொறுப்பல்ல, இவ்வளவுதான் சாரம். மூன்று உட்பிரிவு பிஎஸ்டியில், எழுதியவர் பெயரைச் சொல்லி விளம்பரம் தேடக்கூடாது என்ற ஒன்று கூடுதல். பழைய பிஎஸ்டியில் நான்காவதாக ஒரு பிரிவும் இருந்தது. நிரலின் அம்சங்களைக் குறிப்பிடும் எல்லா விளம்பரங்களிலும் நன்றி வாசகம் போட வேண்டும் என்றது அது. ஒவ்வொரு பங்களிப்பாளரும் தன் நிறுவனப் பெயரை அதில் எழுதி எழுதி, நெட்பிஎஸ்டி இயங்குதளத்தின் 1997 பதிப்பு ஒன்றில் இப்படி 75 வாசகங்கள் இருந்ததாக ஜிபிஎல்லை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எண்ணிச் சொன்னார். அந்த உரிமம் பிறந்த பெர்க்லி பல்கலைக்கழகம் 1999-இல் அந்தப் பிரிவை நீக்கியது. நிரலோடு சொந்த நிபந்தனை ஒன்றை, நல்லெண்ணத்தோடுதான், சேர்த்துப் பார்க்கும் ஆசை யாருக்காவது வந்தால் இந்த 75-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

எம்ஐடி, பிஎஸ்டியின் பலம் உராய்வே இல்லாமல் பரவுவது. அதற்குக் கொடுக்கும் விலை மினிக்ஸ் கதையில் தெரிகிறது. ஆண்ட்ரூ டேனன்பாம் பாடம் சொல்லிக்கொடுக்க உருவாக்கிய மினிக்ஸ் இயங்குதளத்தின் மூன்றாம் பதிப்பு பிஎஸ்டி உரிமத்தில் இருந்தது. அதை எடுத்து இன்டெல் தன் சிப்செட்டுகளுக்குள் இருக்கும் மேலாண்மைப் பகுதியில் ஓடவிட்டது 2017-இல் வெளியே தெரிந்தது. எண்ணற்ற கணினிகளில் தன் இயங்குதளம் ஓடுகிறது என்பது டேனன்பாமுக்கே அப்போதுதான் தெரியும். இன்டெல்லுக்கு அவர் ஒரு திறந்த மடல் எழுதினார். சொல்ல வேண்டும் என்று சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை, ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதே அதன் தொனி. பிஎஸ்டியைத் தேர்ந்தெடுத்தது தவறு என்று அவர் சொல்லவில்லை. எம்ஐடி அல்லது பிஎஸ்டி போடுபவர் இந்த மடலை எழுதும் நிலை தனக்கு வந்தால் தாங்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வலிக்கும் என்பவருக்கு ஜிபிஎல். இதன் முதல் பதிப்பு 1989-இலும் இரண்டாவது 1991-இலும் மூன்றாவது 2007-இலும் வந்தன. இதைப் பற்றிப் பரவியிருக்கும் தவறான எண்ணங்களை முதலில் ஒதுக்கிவிடலாம். ஜிபிஎல் நிரலை விற்கலாம், எந்தத் தடையும் இல்லை. நிறுவனத்துக்குள்ளேயே மாற்றிப் பயன்படுத்தினால் யாருக்கும் மூலநிரல் தர வேண்டியதில்லை. வெளியே ஒருவருக்குக் கொடுக்கும்போதுதான் கடமை தொடங்குகிறது. பெற்றவருக்கு மூலநிரலும், அதே உரிமைகளும் போய்ச் சேர வேண்டும்.

அந்தக் கடமை என்ன செய்யும் என்பதற்கு லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. நீலமும் கறுப்புமாக, பின்னால் இரண்டு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி அது. 2003-இல் அதன் ஃபர்ம்வேரை (பெட்டிக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே லினக்ஸ் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் இருப்பதால் மூலநிரலைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அழுத்தம் கூடியதும் நிறுவனம் வெளியிட்டது. அதை அடித்தளமாக வைத்து 2004-இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் மென்பொருள் பிறந்தது. இன்று அது ஏராளமான ரூட்டர் மாடல்களில் ஓடுகிறது, தயாரித்தவர் கைவிட்ட பழைய பெட்டிகளுக்கும் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கிறது. லிங்க்சிஸ்ஸை வாங்கியிருந்த சிஸ்கோ மீது, ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008-இல் வழக்குத் தொடுத்ததும், 2009-இல் அது சமரசத்தில் முடிந்ததும் தனிக்கதை. உள்ளே இருந்தது பிஎஸ்டி நிரலாக இருந்திருந்தால் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்ல யாருக்கும் பிடி இருந்திருக்காது.

இந்த உரிமங்களெல்லாம் நீதிமன்றத்தில் நிற்குமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நின்றிருக்கின்றன. ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் 2004-இலேயே ஜிபிஎல்லை ஏற்றுத் தடையாணை கொடுத்தது. அமெரிக்காவில் 2008-இல் வந்த ஜேக்கப்சன் - காட்சர் தீர்ப்பு இன்னும் முக்கியமானது. மாதிரி ரயில்களை இயக்கும் ஒரு இலவச மென்பொருள் அதன் மையம். அதிலிருந்து எடுத்த கோப்புகளில் ஆசிரியர் பெயரையும் உரிமக் குறிப்பையும் நீக்கிவிட்டதாகக் குற்றச்சாட்டு. இலவசமாகக் கொடுத்ததற்கு என்ன நஷ்டம் என்ற வாதத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. உரிம நிபந்தனையை மீறினால் அது பதிப்புரிமை மீறலே ஆகலாம் என்றது. ஒரு காசும் வாங்காமல் எழுதுபவருடைய பெயருக்கும் நிபந்தனைக்கும் மதிப்பு உண்டு என்று ஒரு நீதிமன்றம் சொன்னதைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

ஜிபிஎல்லிலேயே இரண்டா, மூன்றா என்றால், புதிதாகத் தொடங்குபவர் மூன்றையே எடுங்கள். மூலநிரலைக் கொடுத்துவிட்டு, மாற்றிய நிரலைச் சாதனம் ஏற்காதபடி பூட்டுவதை வீட்டுச் சாதனங்கள் விஷயத்தில் அது தடுக்கிறது. தெரியாமல் மீறியவருக்கும் இரக்கம் காட்டுகிறது. முதல் முறை மீறியவர் அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமை திரும்ப வந்துவிடும். இரண்டாம் பதிப்பில் மீறிய உடனேயே உரிமை போய்விடும், திரும்பப் பெற வழி எழுதப்படவில்லை.

அப்பாச்சி எதற்கு?

எம்ஐடி போலவே தாராளமான ஒன்று வேண்டும், ஆனால் காப்புரிமைப் பயமும் தீர வேண்டும் என்பவருக்கு 2004-இல் வந்த அப்பாச்சி 2.0. எம்ஐடியில் காப்புரிமை என்ற பேச்சே இல்லை. ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர் உங்கள் திட்டத்துக்குக் கோப்பின் அளவைச் சுருக்கும் வழிமுறை ஒன்றை எழுதித் தருகிறார், அதே வழிமுறைக்கு அவருடைய நிறுவனம் காப்புரிமை வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்ஐடி திட்டத்தில், பின்னாளில் அந்த நிறுவனம் உங்கள் பயனாளர்கள் மீது பாய்ந்தால் வாதாடத்தான் வேண்டும். நிறுவனமே அனுப்பிய பங்களிப்பு அப்பாச்சியின் கீழ் வந்திருந்தால், அதைத் தொடும் காப்புரிமைக்கு அனுமதி அப்போதே எழுத்தில் கிடைத்துவிடுகிறது. அந்த நிரல் தன் காப்புரிமையை மீறுகிறது என்று யாராவது வழக்குப் போட்டால், அதன் கீழ் அவருக்குக் கிடைத்த காப்புரிமை அனுமதி பறிபோகும்.

இதே எண்ணத்தை எல்லை மீறிச் செய்தால் என்னாகும் என்பதை ரியாக்ட் விவகாரம் காட்டியது. ரியாக்ட் இணையப் பக்கங்களைக் கட்ட உதவும் லைப்ரரி. ஃபேஸ்புக் அதைப் பிஎஸ்டியோடு தனிக் காப்புரிமைக் குறிப்பும் சேர்த்து வெளியிட்டிருந்தது. ஃபேஸ்புக் மீது ரியாக்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாத காப்புரிமை வழக்குப் போட்டாலும் அனுமதி ரத்தாகும்படி அதன் வாசகம் இருந்தது. 2017 ஜூலையில் அப்பாச்சி அறக்கட்டளை தன் திட்டங்களில் அந்த உரிமத்தைத் தடைசெய்தது. எதிர்ப்பு பெருகி, செப்டம்பரில் ரியாக்ட் எம்ஐடிக்கு மாறியது.

அப்பாச்சியில் ஒரு தொல்லை உண்டு. ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு மட்டும் என்று சொல்லும் திட்டங்களோடு அதைச் சேர்க்க முடியாது, மூன்றாம் பதிப்போடு சேர்க்கலாம். உரிமங்கள் ஒன்றோடொன்று கலப்பதை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் தண்ணீர் போல நினைத்துக்கொள்வேன். எம்ஐடி நிரல் அப்பாச்சித் திட்டத்துக்குள் போகலாம், அங்கிருந்து ஜிபிஎல் மூன்றுக்குள் போகலாம். அப்புறம் மேலே ஏறாது. எனக்குக் கடிதம் எழுதியவர்கள் மேட்டில் இருந்தார்கள், நான் பள்ளத்தில் இருந்தேன். லைப்ரரி எழுதுபவர் எவ்வளவு மேலே நிற்கிறாரோ அவ்வளவு பேருக்குப் பயன்படுவார். அதனால்தான் முழுச் செயலிக்குப் பொருந்தும் உரிமம் லைப்ரரிக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது.

தாராளமான உரிமங்களுக்கும் ஜிபிஎல்லுக்கும் நடுவில் எல்ஜிபிஎல், எம்பிஎல் என்று இரண்டு இருக்கின்றன. எல்ஜிபிஎல் லைப்ரரிகளுக்காகவே வந்தது. லைப்ரரியில் செய்த மாற்றம் திரும்பி வர வேண்டும், அதைப் பயன்படுத்தும் செயலி எந்த உரிமத்திலும் இருக்கலாம். ஆனால் செயலியோடு லைப்ரரியின் புதிய பதிப்பைப் பயனாளர் தாமே மாற்றிப் பொருத்திக்கொள்ள வழிவிட வேண்டும், பூட்டப்பட்ட கைபேசிச் செயலிகளில் இது சங்கடம். ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரேஆஃபிஸும் இருக்கும் எம்பிஎல் 2.0 கோடு கிழிப்பது கோப்பு அளவில். எம்பிஎல் கோப்பை மாற்றினால் அந்தக் கோப்பைத் திறந்து காட்ட வேண்டும், பக்கத்தில் நீங்கள் சேர்க்கும் புதுக் கோப்பு உங்கள் இஷ்டம். இவ்வளவு எளிமையான எல்லையை வேறு எந்த நடு உரிமத்திலும் நான் பார்த்ததில்லை.

சர்வரில் ஓடும் நிரல்

ஜிபிஎல்லின் கடமை நிரலை வெளியே கொடுக்கும்போதுதான் தொடங்குகிறது என்று சொன்னேன். இணையச் சேவையாக நடத்தும்போது யாருக்கும் நிரலின் நகல் போவதில்லை. உங்கள் ஜிபிஎல் நிரலை மாற்றித் தன் சர்வரில் ஓடவிட்டுச் சந்தா வாங்குபவர் உங்களுக்கு ஒரு வரியும் காட்ட வேண்டியதில்லை. 2007 நவம்பரில் வந்த ஏஜிபிஎல் இந்த ஓட்டையை அடைக்கிறது. மாற்றிய நிரலோடு நெட்வொர்க் வழியாகப் பழகும் பயனாளர்களுக்கு மூலநிரலைத் தர வேண்டும். மாற்றாமல் அப்படியே ஓட்டுபவருக்கு இந்தக் கூடுதல் கடமை இல்லை, இதைப் பலர் கவனிப்பதில்லை. பெரிய நிறுவனங்கள் இதைக் கண்டால் விலகுகின்றன. ஏஜிபிஎல் நிரலை உள்ளே பயன்படுத்தக்கூடாது என்று கூகுள் வெளிப்படையான கொள்கையே வைத்திருக்கிறது. சர்வர் மென்பொருள் எழுதுபவருக்கு என் ஆலோசனை ஏஜிபிஎல்தான். அவர்கள் விலகுவது நஷ்டமாகத் தோன்றினால் அப்பாச்சிக்குப் போங்கள்.

இந்த இடத்தில்தான் கடந்த சில வருடங்களில் பெரிய காயங்கள் ஏற்பட்டிருக்கின்றன. மேகக்கணி நிறுவனங்கள் எங்கள் தரவுத்தளத்தை எடுத்துச் சேவையாக விற்கின்றன என்ற மனக்குறையில் மாங்கோடிபி 2018-இல் ஏஜிபிஎல்லை விட்டு எஸ்எஸ்பிஎல் என்ற சொந்த உரிமத்துக்குப் போனது. தேடல் மென்பொருள் எழுதும் எலாஸ்டிக் 2021-இல் அப்பாச்சியிலிருந்து விலகியது, அமேசான் உடனே பழைய நிரலைத் தனியே பிரித்து ஓப்பன்சர்ச் என்று தொடங்கியது. ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் டெராஃபார்ம் என்ற மேகக்கணிக் கருவியை எம்பிஎல்லிலிருந்து பிஎஸ்எல் என்ற உரிமத்துக்கு மாற்றியதும் அதேபோலப் பிரிந்து ஓப்பன்டோஃபு பிறந்தது. ரெடிஸ் தரவுத்தளம் 2024 மார்ச்சில் பிஎஸ்டியை விட்டதும் வால்கீ பிறந்தது. அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். எலாஸ்டிக் 2024-இலும் ரெடிஸ் 2025-இலும் ஏஜிபிஎல்லையும் ஒரு தேர்வாகச் சேர்த்துக்கொண்டன. ஆனால் பிரிந்து போனவர்கள் பிரிந்தவர்கள்தான்.

பிஎஸ்எல்லையும் எஸ்எஸ்பிஎல்லையும் திறமூல உரிமம் என்று சொல்லக்கூடாது. எது திறமூல உரிமம் என்று அங்கீகரிக்கும் ஓஎஸ்ஐ அமைப்பு இரண்டையும் ஏற்கவில்லை. மூலநிரலைப் பார்க்கலாம், ஆனால் போட்டிச் சேவை நடத்துவது போன்ற சில பயன்பாடுகளுக்குத் தடை. பிஎஸ்எல்லில் அதிகபட்சம் நான்கு வருடத்தில் ஒவ்வொரு பதிப்பும் திறந்த உரிமத்துக்கு மாறிவிடும் என்பது ஒரு நல்ல அம்சம். முதல் நாளிலேயே இதுதான் எங்கள் உரிமம் என்று சொல்லித் தொடங்கும் நிறுவனத்தின் மீது எனக்கு வருத்தமே இல்லை. தாராளமான உரிமத்தில் பல வருடம் ஊர் உழைப்பைச் சேர்த்துவிட்டுப் பாதியில் மாற்றுவதுதான் நெஞ்சில் தைக்கிறது. வருமானம் வேண்டும் என்றால் அதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது, இரட்டை உரிமம். மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும், செயலிகளின் திரைகளைக் கட்ட உதவும் க்யூட்டியும் அப்படித்தான் வளர்ந்தன. ஜிபிஎல்லில் எல்லோருக்கும் இலவசம், மூடிய தயாரிப்பில் சேர்க்க வேண்டியவர் விலை கொடுத்துத் தனி உரிமம் வாங்கலாம்.

அந்த 43 வரிகள்

இரட்டை உரிமமோ உரிம மாற்றமோ செய்ய வேண்டுமானால் எல்லா வரிகளின் பதிப்புரிமையும் உங்களிடம் இருக்க வேண்டும், அல்லது எழுதியவர்களின் சம்மதம் வேண்டும். விஎல்சி பிளேயர் தன் உள்பகுதிகளை ஜிபிஎல்லிலிருந்து எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற 2011, 2012-இல் 200-க்கும் மேற்பட்டவர்களைத் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி மாற்றத்தை 2015-இல் அறிவித்து, அப்பாச்சி 2.0-இல் மூன்றாம் பதிப்பை 2021-இல்தான் வெளியிட முடிந்தது.

என் லைப்ரரி அவற்றின் பக்கத்தில் ஒரு தூசு. ஆனாலும் சட்டம் ஒன்றுதான். பதில் வராத அந்தப் பங்களிப்பாளர் எழுதியிருந்தது, யூடிஎஃப்-16 என்ற குறியாக்கத்தில் இருந்தும், அதைக் காட்டிக்கொடுக்கும் தொடக்கக் குறி இல்லாத கோப்பைக் கண்டுபிடிக்கும் பகுதி. பூஜ்ய பைட்டுகள் இரட்டைப்படை இடத்தில் குவிகின்றனவா ஒற்றைப்படை இடத்தில் குவிகின்றனவா என்று எண்ணிப் பார்த்து முடிவெடுக்கும். அருமையான வேலை. அதை நான் பலமுறை படித்திருந்ததால் நானே திரும்ப எழுதுவது நேர்மையாகப் படவில்லை, என் கை அவருடைய வரிகளையே எழுதும். அதனால் அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, என்ன கோப்பு வந்தால் என்ன விடை வர வேண்டும் என்று 26 சோதனைகள் மட்டும் எழுதி, அந்த நிரலைப் பார்த்தே இராத ஒரு நண்பரிடம் கொடுத்தேன். அவர் வேறு வழியில் எழுதினார். மூன்று சோதனைகள் தோற்றன, இரண்டு வாரத்தில் சரிசெய்தார்.

இது ஏன் சரி என்றால், பதிப்புரிமை யோசனையைக் காப்பதில்லை, அதை வெளிப்படுத்திய விதத்தைத்தான் காக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸே அப்படித்தான் சொல்கிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல் சாஸ் நிறுவன வழக்கில் நிரலின் செயல்பாடும் நிரல்மொழியும் பதிப்புரிமைக்குள் வராது என்றது. கூகுள் - ஆரக்கிள் வழக்கு இன்னும் நீண்டது. 2010-இல் தொடங்கி 2021 ஏப்ரலில் முடிந்தது. ஜாவா நிரல்மொழியிலிருந்து கூகுள் ஆண்ட்ராய்டில் எடுத்த சுமார் 11,500 அறிவிப்பு வரிகள் (செயல்களின் பெயரையும் அவற்றை அழைக்கும் விதத்தையும் சொல்பவை) நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-2 என்று தீர்த்தது. அறிவிப்பு வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டா என்பதை அது தீர்க்காமல் விட்டுவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். நியாயமான பயன்பாடு என்ற வாதத்தை நிரூபிக்கப் பத்து வருடம் வழக்காடும் பலம் நமக்கெல்லாம் இல்லை. பார்த்து நகலெடுக்காமல், செயல்பாட்டை மட்டும் வைத்துப் புதிதாக எழுதுவதே நமக்குக் கட்டுப்படியான வழி.

முன்கூட்டியே இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று சிஎல்ஏ, பங்களிப்பாளர் கையெழுத்திடும் ஒப்பந்தம். திட்டத்தை நடத்துபவர் பின்னால் உரிமத்தை மாற்ற இது அதிகாரம் தரலாம். அதனாலேயே பலர் கையெழுத்திடத் தயங்குகிறார்கள், மேலே சொன்ன உரிம மாற்றங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தயக்கம் நியாயமானதுதான். இன்னொன்று டிசிஓ. இது எனக்கு அனுப்பும் உரிமை உள்ள நிரல் என்று பதிவாகும் ஒவ்வொரு மாற்றத்திலும் (கமிட்) ஒரு வரியில் உறுதி சொல்வது. லினக்ஸ் மீது எஸ்சிஓ நிறுவனம் கிளப்பிய உரிமைச் சர்ச்சைக்குப் பிறகு 2004-இல் கெர்னல் திட்டத்தில் வந்தது. வரிகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு அது சாட்சி, உரிமத்தை மாற்றும் அதிகாரம் எதுவும் தராது. தனிநபர் திட்டத்துக்கு நான் டிசிஓவையே விரும்புகிறேன். உரிமத்தை முதலிலேயே யோசித்துப் போட்டவருக்கு அதை மாற்றும் அதிகாரம் தேவைப்படாது.

வேலை பார்ப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வேலையின் பகுதியாக எழுதிய நிரல் பல நாடுகளில் நிறுவனத்துக்கே சொந்தம், சில பணி ஒப்பந்தங்கள் ஓய்வு நேரத்தில் எழுதியதையும் கேட்கின்றன. உங்களுக்குச் சொந்தமில்லாததற்கு நீங்கள் உரிமம் தர முடியாது. அதேபோல முழுக்க இயந்திரம் எழுதித் தந்த வரிகளுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை கிடைப்பதில்லை, மனித ஆசிரியர் வேண்டும் என்பதை அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் இயந்திரம் வரைந்த ஒரு படம் பற்றிய வழக்கில் உறுதிசெய்தது. பதிப்புரிமை இல்லாத இடத்தில் ஜிபிஎல்லுக்கும் பிடி இல்லை. திரும்பி வர வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் மையப் பகுதியை உங்கள் கையால் எழுதுங்கள்.

இதையெல்லாம் வைத்து நான் இன்று எடுக்கும் முடிவுகள் இவை. ஐம்பது நூறு வரியில் முடியும் சிறு கருவி என்றால் எம்ஐடி, யோசிக்கவே தேவையில்லை. நிறுவனங்களும் கைவைக்கும் லைப்ரரி, காப்புரிமை நடமாடும் துறை என்றால் அப்பாச்சி. பயனாளர் தன் கணினியில் நிறுவிக்கொள்ளும் முழுச் செயலி என்றால் ஜிபிஎல் மூன்று, அதில் எனக்குத் தயக்கமே இல்லை. என் குறியாக்க லைப்ரரிக்கு எம்பிஎல் போட்டேன். அதன் உயிர் குறியாக்க அட்டவணைகள் இருக்கும் நான்கைந்து கோப்புகளில் இருக்கிறது. யாராவது ஓர் அட்டவணையில் பிழை திருத்தினால் அது எல்லோருக்கும் வர வேண்டும், சுற்றி என்ன கட்டினாலும் அது அவர்கள் விருப்பம். கடிதம் எழுதிய கருவிக்காரர்களும் சேர்த்துக்கொண்டார்கள், இதுவரை இரண்டு அட்டவணைத் திருத்தங்கள் அங்கிருந்து வந்திருக்கின்றன.

வெளியிடும் நாளில் செய்ய வேண்டியது அதிகமில்லை. நீங்கள் பயன்படுத்தும் மற்ற லைப்ரரிகளின் உரிமங்கள் மீது ஒருமுறை கண்ணை ஓட்டிப் பாருங்கள், பள்ளத்திலிருந்து ஏதாவது உள்ளே வந்திருக்கிறதா என்று. உரிமத்தின் முழு வாசகத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் திட்டத்தின் முதன்மை அடைவில் போடுங்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எஸ்பிடிஎக்ஸ் என்ற பொதுத் தரப்படி உரிமத்தின் சுருக்கக் குறியை ஒரு வரியாக எழுதுங்கள், கோப்பு தனியே பிரிந்து போனாலும் உரிமம் கூடவே போகும். ஜிபிஎல் என்றால் மூன்றாம் பதிப்பு மட்டுமா, அதற்குப் பிந்தையதுமா என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். முதல் பங்களிப்பு வரும்போது, அனுப்பியவரைத் தொடர்புகொள்ள இரண்டாவது வழி ஒன்றையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

யூடிஎஃப்-16 பகுதியை எழுதியவரை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய வரிகள் இப்போது லைப்ரரியில் இல்லை. அவருக்கு நன்றி சொல்லும் வரி மட்டும் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் பழைய இடத்திலேயே இருக்கிறது.